பாடியவர் பெயர் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

இங்கிலாந்து ராக் இசைக்குழுவான பிங்க் ஃப்ளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பம் உருவான கதையைச் சென்ற இதழில் படித்தேன். குழுவின் வாட்டர்ஸ், கில்மோர், ரைட், மேசன் நால்வரைப் பற்றியும் கட்டுரையாளர் நிறைவாகவே எழுதியிருக்கிறார். ஆனால் அதில் பாடிய கிளேர் டோரியின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. எனக்கு இது பெரிய மனக்குறை.

'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' பாட்டில் ஒரு பெண்குரல் வார்த்தையே இல்லாமல் கதறி, கெஞ்சி, கடைசியில் ஓய்ந்து அடங்குமே, அது அவர் குரல். 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவுக்கு அவரை வரவழைத்தவர் சவுண்ட் இன்ஜினியர் ஆலன் பார்சன்ஸ். பாட்டுக்கு வரிகள் கிடையாது. தன் குரலையே ஒரு வாத்தியமாக நினைத்துக்கொண்டு பாடினார். சில முறை பாடியதிலிருந்து நல்ல பகுதிகளைச் சேர்த்ததுதான் இன்று நாம் கேட்பது. கூலி 30 பவுண்டு. ஞாயிறு என்பதால் அதுவே இரட்டிப்பு. உறையில் பாடகி என்று பெயர் போட்டார்கள், சரி. அந்த இசையை உருவாக்கியதிலும் தனக்குப் பங்கு உண்டு என்று அவர் 2004இல் வழக்குப் போட வேண்டியிருந்தது. மறு ஆண்டு சமரசம் ஆன பிறகுதான் இயற்றியவர்கள் ரைட், டோரி என்று அச்சாகிறது. அந்தக் குரலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ரைட்டின் அழகான பியானோ. ஆனால் அது மட்டும் என்னை அழவைத்திருக்காது.

அப்புறம், அதே ஆல்பத்தில் பணத்தைப் பற்றிய 'மணி' (Money) பாட்டின் தொடக்கத்தை 'ஸ்பெஷல் எஃபெக்ட்' என்று கட்டுரை ஒரே சொல்லில் கடந்துவிட்டது. கம்ப்யூட்டர் இல்லாத காலம் அது. வாட்டர்ஸின் மனைவி களிமண் பிசையும் பாத்திரத்தில் காசை எறிந்து அந்தச் சத்தத்தைப் பதிவு செய்தார்கள். காகிதம் கிழிவது, கல்லாப்பெட்டி மணி என்று ஒவ்வொரு சத்தத்தின் டேப்பையும் ஸ்கேல் வைத்து அளந்து வெட்டி, ஏழு துண்டுகளை ஒட்டி வளையமாக்கி ஓட்டினார்கள். பாட்டும் ஏழெண்ணிக்கைத் தாளம்தான். ஒரு துண்டு கொஞ்சம் நீண்டிருந்தாலும் தாளம் இடறியிருக்கும்.

'டைம்' பாட்டில் அலறும் கடிகாரங்களைப் பழைய கடிகாரக் கடையில் பதிவு செய்து வைத்திருந்தவரும் பார்சன்ஸ்தான். ஆல்பத்தின் முடிவில் பேசும் குரல் ஸ்டுடியோவின் வாயிற்காப்பாளர் ஜெரி ஓ'டிரிஸ்காலுடையது.

தொடரில் அடுத்து எந்த ஆல்பத்தை எடுத்தாலும், உறையில் பொடி எழுத்தில் இருக்கும் பெயர்களையும் கட்டுரையாளர் பார்க்க வேண்டுகிறேன். டோரியின் பெயரை அடுத்த இதழிலேயே சேர்த்து வெளியிட்டால் மகிழ்வேன்.

— ஒரு வாசகர், கோயம்புத்தூர்