குடியிருப்போர் சங்க ஆண்டறிக்கை: துணை மின்நிலையத்தின் மேல் வந்த ட்ரோன்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல மாதம் ஒருமுறை கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். தெருவிளக்கு, வடிகால் வேலைகள் பெரும்பாலும் முடிந்துவிட்டன. எனவே நேராக ட்ரோன் விஷயத்துக்கு வருகிறேன்; கூட்டங்களில் பாதி நேரம் அதற்கே போனது.

ஒரு மாலை, நம் பகுதியை ஒட்டிய துணை மின்நிலையத்துக்கு மேலே ஒரு ட்ரோன் வந்து நின்றது. நான் வேலியோரம் நின்று பார்த்தேன். பெரிய டிரான்ஸ்பார்மருக்கு நேர் மேலே, பச்சை விளக்கு மினுங்க, அசையாமல் நின்றது. காவலாளி மேலதிகாரியை அழைத்தார். அவர் போலீசைக் கேட்கச் சொன்னார். போலீஸ், விமானத் துறையைக் கேட்கச் சொன்னது. மூன்றாவது அழைப்பு முடிவதற்குள் ட்ரோன் போய்விட்டது. யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை.

"சுட்டிருக்கலாமே" என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். பல நாடுகளில் ட்ரோனும் சட்டப்படி விமானம்தான். அதைச் சுடுவதும், ரேடியோ சிக்னலைக் குலைக்கும் ஜாமரால் முடக்குவதும் தனியாருக்குக் குற்றம். அப்புறம், மின்சாரம் ஓடும் இடத்தில் ட்ரோன் விழுந்தால், எதிரி நினைத்ததை நாமே செய்து கொடுத்ததாகிவிடும்.

இது வீண் பயம் இல்லை. 2020 ஜூலையில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு துணை மின்நிலையத்துக்குப் பக்கத்துக் கட்டடக் கூரையில் சிறிய ட்ரோன் ஒன்று விழுந்து கிடந்தது. இரண்டு நைலான் கயிறுகள், அவற்றின் நுனியில் தடித்த செம்புக் கம்பி. கேமராவையும் மெமரி கார்டையும் முன்கூட்டியே கழற்றியிருந்தார்கள். ஷார்ட் சர்க்யூட் செய்யத்தான் அந்தக் கம்பி என்று அதிகாரிகள் கருதினார்கள். 2019 செப்டம்பரில் சவூதியின் அப்கைக், குரைஸ் எண்ணெய் நிலையங்கள் மீது ட்ரோன்களும் ஏவுகணைகளும் பாய்ந்தபோது, நாட்டின் எண்ணெய் உற்பத்தியில் ஏறக்குறைய பாதி நின்றுபோனது.

அரசுகள் சும்மா இருக்கவில்லை, ஆனால் மெதுவாக நகர்கின்றன. 2018 டிசம்பரில் ட்ரோன் பறப்பதாக வந்த தகவல்களால் லண்டனின் கேட்விக் விமான நிலையம் முடங்கிய பிறகு, பிரிட்டன் விமான நிலையங்களைச் சுற்றி ட்ரோன் பறக்கத் தடையுள்ள எல்லையை 1 கிலோமீட்டரிலிருந்து 5 ஆக்கியது. எல்லைக்கோடு எதிரியைத் தடுக்காதுதான். ஆனால் உள்ளே வந்தது தவறு என்று உடனே சொல்ல முடியும். மின்நிலையம் போன்ற இடங்களுக்கும் இப்படித் தடை கேட்க வழி செய்யும்படி அமெரிக்கக் காங்கிரஸ் 2016-லேயே சட்டம் போட்டது. அதற்கான விதியைக் கொண்டுவரச் சொல்லி 2025 ஜூனில் அதிபர் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது.

நாம் அரசுக்கு அனுப்பிய மனுவில் முக்கியமாகக் கேட்டது ஒன்றுதான்: இரவு பகலாக எடுக்கப்படும் ஒரே தொலைபேசி எண், அதன் மறுமுனையில் செயல்பட அதிகாரம் உள்ள ஒருவர். ட்ரோன்கள் ரேடியோ அலையில் அனுப்பும் அடையாளத்தைப் படிக்கும் கருவியைச் சிறிய நிலையங்களுக்கும் அரசு தர வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறோம். ஆர்வத்துக்காகப் பறக்கவிடும் நம் பிள்ளைகளை எதிரியோடு குழப்பாமலிருக்க அது உதவும். மனு கிடைத்ததாகக் கடிதம் வந்திருக்கிறது, பதில் வரவில்லை.

சரி, அதுவரை வாயில் அறையில் ஒரு பதிவேடு தொங்குகிறது. ட்ரோனைப் பார்த்தால் நேரம், வந்த திசை, விளக்கின் நிறம் மூன்றையும் மறக்காமல் எழுதுங்கள். இதுவரை நான்கு பதிவுகள் உள்ளன. இரண்டில் நேரம் விட்டுப்போயிருக்கிறது.

செயலாளர்