எல்.கே.ஜி. நடத்தும் தாளாளர்களுக்கு ஒரு பாட்டியின் மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

26 வருஷம் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். போன வாரம் பேரனை எல்.கே.ஜி.யில் சேர்க்க மகளோடு ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். பள்ளியின் பெயர் எதற்கு, எல்லா ஊரிலும் இருப்பதுதான். மேடம் ஒரு பிளாஸ்டிக் ஆப்பிளைக் காட்டி "வாட் கலர்?" என்றார். மூன்றரை வயதுப் பிள்ளை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைக் கடிக்க முடியாது" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேடத்துக்கு வரவில்லை. "கொஞ்சம் பிரிப்பேர் பண்ணிக் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 13ஆம் பிரிவில், சேர்க்கையின்போது பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது என்கிறது. முதல் தடவை மீறினால் 25,000 ரூபாய் வரை அபராதம். அந்தச் சட்டம் 6 வயதுக்கு மேல்தானே என்று உங்கள் வக்கீல் சொல்லலாம். சரி, 6 வயதுப் பிள்ளைக்கே கூடாதென்றால் மூன்றரை வயதுக்கு மட்டும் எப்படி அடுக்கும்?

கேட்டே ஆகவேண்டும் என்றால் வேறு கேளுங்கள். அம்மா போய்விட்டு மத்தியானம் திரும்பி வருவாள் என்று நம்பி இருக்கத் தெரியுமா? ஊஞ்சலுக்கு வரிசையில் நிற்குமா? கை கழுவுமா? டிபன் டப்பா மூடியைத் தானே திறக்குமா? எங்கள் தெருவில் ஒரு குழந்தை ஒரு வாரம் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தது. பிடிக்கவில்லை போல என்று அம்மா தினமும் வேறு வேறாகச் செய்து பார்த்தாள். கடைசியில் பார்த்தால், புது டப்பாவின் கிளிப்பைப் பிள்ளையால் தூக்க முடியவில்லை. அதைச் சொல்லவும் தெரியவில்லை.

ஒண்ணுக்கு வந்தால் சொல்லத் தெரிவது இன்னும் பெரிய விஷயம். அதற்கும் இங்கிலீஷ்தான் வேண்டுமா? "மே ஐ கோ டு டாய்லெட், மிஸ்" என்று மனப்பாடம் செய்த வாக்கியம் வாய்க்கு வருவதற்குள் டிரவுசர் நனைந்துவிடுகிறது. "மிஸ், ஒண்ணுக்கு" என்றால் ஆயாம்மாவுக்குப் புரியாதா என்ன?

அப்புறம் பென்சில். ஜூன் மாதமே ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன், ஸ்லாண்டிங் லைன் என்று ஹோம் ஒர்க் வந்துவிடுகிறது. மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள். பிறக்கும்போது அவ்வளவும் குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாக இறுகி, கடைசி எலும்பு கெட்டிப்பட ஏறக்குறைய 10 வயதாகிறது. பொதுவாக 3 வயதில் வட்டத்தைப் பார்த்து வரைவார்கள், 4 வயதில் கூட்டல் குறி, 5ஐ ஒட்டிச் சதுரம், முக்கோணம் அதற்கும் பிறகு. அதாவது சாய்கோடு கடைசியில்தான் வரும். மூன்றரை வயதில் நீங்கள் கேட்கிற ஸ்லாண்டிங் லைனும், கேப்பிட்டல் ஏ-யும் அந்தச் சாய்கோடுதான்! வராததற்கு ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டில் அடி விழுகிறது.

விஜயதசமிக்கு நாம் என்ன செய்கிறோம்? தட்டில் பச்சரிசியைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைக்கிறோம். பெரியவர்கள் என்ன நினைத்து வைத்தார்களோ, பென்சில் இல்லாத அந்த வழி பிஞ்சு விரலுக்கு மெத்தச் சரி. அங்கன்வாடியில் நான் செய்ததும் அதுதான். சப்பாத்தி மாவு உருட்டுவது, புளியங்கொட்டையைப் பல்லாங்குழியில் ஒவ்வொன்றாகப் போடுவது, ஈரத்துணியைப் பிழிவது. (பல்லாங்குழி ஆடும்போது பக்கத்திலேயே இருக்கவேண்டும். மூக்குக்குள் கொட்டையைத் தள்ளிக்கொள்பவர்கள் எல்லா வருஷமும் உண்டு.) பல்லாங்குழியில் கைக்கு வேலை, எண்ணிக்கை, தன் முறை வரும்வரை காத்திருப்பது எல்லாம் ஒன்றாக வந்துவிடும். நொண்டி ஆடத் தெரிந்த பிள்ளை பெஞ்சிலும் நிமிர்ந்து உட்காரும் என்பது என் அனுபவம்.

இன்னொன்று. பேச்சு சரியாக வராத பிள்ளை வந்தால் 'சீட் இல்லை' என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். முதலில் காது பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கென்றே மையம் இருக்கிறது, செலவும் கிடையாது. நான் அனுப்பிய ஒரு பிள்ளைக்குக் காதுக்குள் சீழ் கட்டியிருந்தது, அவ்வளவுதான். பிள்ளையை முதன்முதலாக வெளியாள் ஒருவர் உட்கார வைத்துப் பார்ப்பது பல வீடுகளுக்கு உங்கள் அட்மிஷன் அறையில்தான். அதை ஆப்பிள் காட்டியே வீணாக்குகிறீர்கள்.

எல்.கே.ஜி. முழுக்க நோட்டு வேண்டாம், சிலேட்டும் களிமண்ணும் போதும் என்று ஒரே ஒரு வருஷம் நடத்திப் பாருங்கள். பெற்றோர் கேட்கிறார்கள், நாங்கள் என்ன செய்ய என்பீர்கள். ஃபீஸை உயர்த்தும்போது பெற்றோரைக் கேட்டா செய்கிறீர்கள்?

அடுத்த வாரம் எங்களை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். மகள் அவனுக்கு 'ரெட்' சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். நான் டப்பா திறக்கப் பழக்குகிறேன். நேற்று திறந்துவிட்டான். உள்ளே இருந்த பொரி முழுக்கத் தரையில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடி டீச்சர் ஒருத்தி