பாப்பாவுக்கு, அந்த அழைப்புக் கடிதம் பற்றி

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோவில் திருவொற்றியூர் கோயிலுக்குப் போய்வருகிறோம். உனக்குச் சொல்ல ஊர்ச் செய்திகள் பல இருந்தும், அவற்றை எழுத மனம் ஒன்றவில்லை.

மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்கு அழைத்து இங்கிலாந்து அரசு மருத்துவத் துறையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது என்று பொங்கலன்று பேசும்போது சொன்னாய். அதன்பின் அதைப்பற்றி ஒரு சொல்லும் உன்னிடமிருந்து வரவில்லை. நான் உடம்பைப் பற்றிக் கேட்கத் தொடங்கினாலே பிள்ளைகளின் தேர்வுக்குப் பேச்சைத் திருப்பிவிடுகிறாய். நீ போகவே இல்லையா, போய்வந்து ஏதோ சொன்னதை மறைக்கிறாயா, அல்லது அந்தக் கடிதம் இன்னும் பிரிக்கப்படாமலே கிடக்கிறதா என்று எண்ணி எண்ணி இரவில் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. தொலைபேசியில் கேட்கலாம் என்றால், நீ எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலை பார்க்கிறாய்; மாப்பிள்ளையும் பிள்ளைகளும் பக்கத்தில் இருக்கும்போது இதை எப்படிக் கேட்பது? அதனால்தான் எழுதுகிறேன்.

உன்னை வற்புறுத்துவதற்காக இதை எழுதவில்லை. மாநகராட்சித் தாய்சேய் நல நிலையத்தில் செவிலியாக இருந்த காலம் முழுவதும் பரிசோதனைக்குப் போவதா வேண்டாமா என்ற முடிவைப் பெண்கள் எப்படி எடுக்கிறார்கள் என்று கண்ணெதிரே பார்த்தவள் நான். எண்களைப் பார்த்து முடிவெடுத்தவர்கள் மிகக் குறைவு. காசிமேட்டில் மீன் விற்கும் பெண் விடியற்காலை ஏலத்தை விட்டுவிட்டு வந்தால் அன்றைய பிழைப்பு போய்விடும் என்பதால் வரமாட்டாள். வேறொருத்தி, பார்ப்பது ஆணா பெண்ணா என்று வாசலிலேயே விசாரித்துவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைப்பாள். பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் தாய், இந்த நோய் வீட்டில் இருப்பதாகத் தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகும் என்று அஞ்சி, திருமணம் முடியட்டும் என்பாள். முடிந்ததும் தலைப்பிரசவம் முடியட்டும் என்பாள். பக்கத்து வீட்டுப் பெண் போகிறாளே என்ற ஒரே காரணத்துக்காக வந்தவர்கள்தாம் அதிகம். அதையும் நான் குறைவாக மதிப்பதில்லை. கூட ஒருத்தி இருந்தால் பாதி பயம் போய்விடும்.

கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த ஓர் அம்மாளை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. எழுபதைத் தாண்டியவர், இதயக் கோளாறும் உண்டு. என்ன பார்ப்பீர்கள், கண்டுபிடித்தால் என்ன செய்வீர்கள், செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட பிறகு, “எனக்கு இது வேண்டாம் அம்மா, இருக்கிற காலத்தை இப்படியே கழித்துவிடுகிறேன்” என்றார். கூட வந்த மகள் அழுதாள். நான் அந்த அம்மாளை ஒரு வார்த்தையும் மறுத்துப் பேசவில்லை, ஏனென்றால் அவர் முழுவதும் அறிந்துகொண்டு சொன்னார். நீயும் அப்படி முடிவெடுத்து ‘வேண்டாம்’ என்று எழுதினால், எனக்கு வருத்தம் இருந்தாலும் ஏற்றுக்கொள்வேன். பதில் சொல்லாமல் தள்ளிப்போடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தக் கடிதத்தோடு வரும் துண்டறிக்கையைப் பேத்தியிடம் கேட்டுக் கைபேசியில் வாங்கிப் படித்தேன். அவளைக் கோபிக்காதே, கேட்டவள் நான். போவதும் போகாததும் உங்கள் விருப்பம் என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். அங்கே 50 வயது தொடங்கி 71 வரை மூன்றாண்டுக்கு ஒருமுறை அழைக்கிறார்கள். இப்படிச் சென்றுவரும் 200 பெண்களில் ஏறத்தாழ ஒருவர் இந்த நோயால் இறக்காமல் காப்பாற்றப்படுகிறார். அதே 200 பேரில் சுமார் 3 பேருக்கு, வாழ்நாள் முழுவதும் எந்தத் தொல்லையும் தராமலே இருந்திருக்கக்கூடிய புற்று கண்டறியப்பட்டு, தேவையில்லாமல் அறுவையும் கதிர்ச் சிகிச்சையும் நடக்கின்றன. அந்த மூவர் யார் என்று முன்கூட்டிச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. 2012இல் அந்நாட்டு வல்லுநர் குழு ஒன்று பழைய ஆய்வுகளையெல்லாம் அலசி இதே அளவிலான கணக்கைத்தான் சொன்னது. ஒருவருக்கு எதிராக மூவர் என்று எண்ணிக்கையை மட்டும் பார்க்காதே. ஒரு பக்கம் இருப்பது உயிர், மறுபக்கம் இருப்பது வேண்டாத சிகிச்சையின் துன்பம். எது உனக்குப் பெரிது என்பதை நீதான் சொல்ல வேண்டும். உன் இடத்தில் நான் இருந்தால் போவேன்.

மறுபடி வரச்சொல்லி அழைத்தாலும் நடுங்கிவிடாதே. 100 பேரில் சுமார் 4 பேரை அப்படி அழைக்கிறார்கள். அந்த நால்வரில் ஒருவருக்குத்தான் புற்று இருக்கிறது. மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே படம் எடுப்பவர்கள் அங்கே பெண்களே. மார்பை இரண்டு தட்டுகளுக்கு நடுவே அழுத்தும்போது வலிக்கும், ஆனால் சில நொடிகள்தான். அன்று பவுடரோ வாசனைத் திரவமோ பூசிக்கொள்ளாதே, படத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரியும்.

நம் ஊரில் எல்லோருக்கும் மேமோகிராம் எடுப்பதில்லை. 2016இல் மத்திய அரசு வகுத்த முறைப்படி 30 முதல் 65 வயது வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை, பயிற்சி பெற்றவர்கள் கையால் தடவித்தான் பார்க்க வேண்டும். நான் செய்த வேலையும் அதுதான். மும்பைக் குடிசைப் பகுதிகளில் 1998இல் தொடங்கி 1,51,538 பெண்களை இருபதாண்டுகள் தொடர்ந்து கவனித்த டாடா நினைவு மருத்துவமனை ஆய்வு, பயிற்சி பெற்ற பெண்கள் கையால் பார்த்ததாலேயே 50 வயதைக் கடந்தவர்களிடையே இந்த நோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது என்று 2021இல் சொன்னபோது, எங்கள் கைகள் செய்த வேலை வீண்போகவில்லை என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. வயது குறைந்தவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், உன்னிடம் எதையும் கூட்டிச் சொல்லக் கூடாது.

இப்போது நான் கேட்க அஞ்சுவதைக் கேட்டுவிடுகிறேன். பாப்பா, உன் கைக்கு ஏதாவது தட்டுப்படுகிறதா? மேலே எழுதியதெல்லாம் எந்தக் குறியும் இல்லாத பெண்களுக்கு. கட்டியோ, தோலில் குழிவோ, காம்பு உள்ளிழுத்துக்கொண்டதோ, அதிலிருந்து இரத்தக் கசிவோ, அக்குளில் வீக்கமோ இருந்தால், போகலாமா வேண்டாமா என்ற கேள்விக்கே இடமில்லை. அழைப்புக்குக் காத்திராமல் இந்த வாரமே மருத்துவரைப் பார். வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதே. வலிக்காத கட்டி என்பதாலேயே மாதக்கணக்கில் பேசாமல் இருந்துவிட்டு, புண்ணான பிறகு என்னிடம் வந்த பெண்களை எண்ணினால் இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது.

தெருவிலேயே முதல் பட்டதாரி நீ. மான்செஸ்டரில் ஒரு நிறுவனத்தின் கணக்கெல்லாம் உன் கையெழுத்தில் நடக்கிறது என்று அப்பா காண்போரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறார். மாப்பிள்ளையின் மாத்திரையை வேளை தவறாமல் எடுத்துவைக்கிறாய், பிள்ளைகளின் தடுப்பூசித் தேதி ஒன்றைக்கூட நீ தவறவிட்டதில்லை. உன் பெயருக்கு வந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் உனக்கு நேரமில்லையா? இந்த வழக்கத்தை யாரிடம் கற்றாய் என்று கேட்கமாட்டேன். நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் இப்படித்தான்.

பெரிய அத்தைக்கும் பின்னால் கமலா அக்காவுக்கும் என்ன நேர்ந்தது என்பது உனக்குத் தெரியும், அதை மீண்டும் எழுத வேண்டாம். அவர்கள் அப்பா வழி, அதனால் நமக்கு வராது என்று நீ ஒருமுறை சொன்னாய். அது சரியில்லை. இந்த நோய்க்கு வழிவிடும் மரபணு மாற்றம் தாயிடமிருந்து வருவதைப் போலவே தந்தையிடமிருந்தும் வரும். குடும்பத்தில் யாருக்குமே இல்லாத பெண்களுக்கும் இந்த நோய் வருகிறது என்பது உண்மைதான். ஆனாலும் ஒரே பக்கத்தில் இருவருக்கு, அதுவும் இளவயதில் வந்திருப்பதால், மூன்றாண்டுக்கு ஒருமுறை என்ற பொது ஏற்பாடு உனக்குப் போதுமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவர் முதலில் கேட்பது அவர்கள் இருவருக்கும் நோய் தெரிந்தபோது என்ன வயது என்பதாகத்தான் இருக்கும். அத்தையின் மருத்துவச் சீட்டுகள் அப்பாவின் பெட்டியில் இருக்கின்றன. அக்காவுடையவற்றை ராயபுரத்தில் கேட்டிருக்கிறேன், தருவதாகச் சொன்னார்கள். இரண்டையும் தம்பி மகனிடம் கொடுத்துப் படமெடுத்து, உன் எண்ணுக்கு மட்டும் அனுப்பச் சொல்கிறேன். வந்ததும் வயதுகளைத் தனியே குறித்துக்கொண்டு மருத்துவரிடம் நேரம் வாங்கு. வாங்கிய தேதியை எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா