அடுப்புப் புகையையும் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெரிய ஆபரேஷனுக்கு முன் இதயத்தைப் பரிசோதிப்பது பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் நுரையீரலைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! மேல் வயிற்றைத் திறந்தால் வலியில் ஆழமாக மூச்சு இழுக்க முடியாது, இரும முடியாது, உதரவிதானமும் சரியாக வேலை செய்யாது, சளி உள்ளேயே தங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். இதயத் தொல்லைக்குக் குறையாமல் இதுவும் வருகிறது.

எங்கள் ஆயாவுக்கு (பாட்டிக்கு) குடலில் கட்டி என்று மதுரைக்குக் கூட்டிப்போனோம். ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தார்கள். பீடி, சிகரெட் பழக்கம் உண்டா என்றார்கள், இல்லை என்றோம், அதோடு சரி. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பெரிய வீட்டு அடுப்படியிலும் கல்யாணச் சமையலிலும் விறகுப் புகையிலேயே காலம் தள்ளிய பெண்கள் எத்தனை பேர்! சிகரெட்டைத் தொடாமலே நாள்பட்ட மூச்சடைப்பு நோய் இவர்களுக்கு வரும் என்பது மருத்துவர்களுக்குத் தெரியாததா? ஆபரேஷன் நல்லபடி முடிந்தும் ஆயா சளி கட்டி ஐசியூவில் கிடந்துதான் தேறினார்கள்.

அதற்காக எல்லோரையும் ஸ்பைரோமெட்ரியில், அதாவது மூச்சை அளக்கும் கருவியில், ஊதச் சொல்ல வேண்டியதில்லை. நுரையீரலையே வெட்டி எடுப்பதென்றால் அது கட்டாயம். முதல் வினாடியில் வெளியேறும் காற்றை அளந்துதான் மிச்ச நுரையீரல் தாங்குமா என்று கணக்குப் போடுகிறார்கள். மற்ற ஆபரேஷன்களில் வீசிங் உள்ளவர்கள், படியேறினால் மூச்சு வாங்குகிறவர்கள், இந்த அடுப்படிப் பெண்கள் ஆகியோருக்கு எடுக்கலாம். மற்றவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் நுரையீரல் சிக்கல் வருமா என்று கணிக்க ஸ்பெயினில் உருவான அரிஸ்காட் மதிப்பெண்ணே போதும்: வயது, விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்ஸிஜன் அளவு, போன மாதத்தில் சளிக்காய்ச்சல் வந்ததா, ரத்தசோகை உண்டா, எங்கே வெட்டுகிறார்கள், எவ்வளவு நேரம் ஆகும், அவசர ஆபரேஷனா, இவ்வளவுதான். இதற்குப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், மேல் வயிற்று ஆபரேஷனுக்கு முன்பே பிசியோதெரபிஸ்ட் அரை மணி நேரம் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்ததிலேயே நுரையீரல் சிக்கல் பாதியாகக் குறைந்தது. எங்களுக்கோ, மூச்சை இழுத்துப் பந்துகளை மேலே ஏற்றிப் பயிற்சி செய்கிற, மூன்று பந்து உள்ள அந்தப் பெட்டியை ஆபரேஷன் முடிந்து வலியில் முனகும்போதுதான் கையில் கொடுத்தார்கள். அதை ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கிற அன்றைக்கே கொடுத்துப் பழக்க வேண்டும் என்று நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளையும், மயக்க மருந்து டாக்டரிடம் விறகடுப்பு விஷயத்தை நீங்களாகவே சொல்லிவிடுங்கள் என்று வாசகர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வாசகி,
காரைக்குடி