ஆய்வேட்டில் இடம் போதாத நன்றிகள்

அன்புடையீர், வணக்கம்.

கஜா புயலில் சிதைந்த முத்துப்பேட்டை அலையாத்திக் காடு எப்படி மறுபடியும் துளிர்க்கிறது என்பதைப் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வு நிறைவடைந்துவிட்டது. ஆய்வேட்டின் முதல் பக்கங்களில் நெறியாளருக்கும் துறைக்கும் நிதி தந்த அமைப்புக்கும் வனத்துறைக்கும் நன்றி எழுதியிருக்கிறேன். அது மரபு, மனமார எழுதியதும்கூட. ஆனால் அந்தப் பக்கம்வரை என்னைக் கொண்டுவந்து சேர்த்தவர்களில் பலருக்கு அங்கே இடமில்லை. அவர்களில் சிலருக்குத் தாங்கள் என்ன செய்தோம் என்பதே நினைவிருக்காது. அவர்களுக்காகத்தான் இந்த மடல். பெயர் போடவில்லை. படித்தால் அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளிக் கணக்கு டீச்சருக்கு. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழி, திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வு என்று ஒன்று உண்டு. என்.எம்.எம்.எஸ். என்றால்தான் பள்ளிகளில் புரியும். 2008-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் நாடு முழுவதும் ஆண்டுக்கு 1 லட்சம் பிள்ளைகளுக்கு உதவித்தொகை உண்டு. அதன் ஒரு தாள் மனத்திறன் தேர்வு: எண் தொடர், விடுபட்ட உருவம், குறியீடு என்று எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லாத கேள்விகள். நகரத்துப் பிள்ளைகள் பயிற்சிப் புத்தகம் வாங்கிப் படிப்பார்கள். எங்களுக்கு டீச்சர்தான் புத்தகம். மாலையில் பள்ளி விட்ட பிறகு எங்களை வராந்தாவில் உட்கார வைத்து, தன் செலவில் நகலெடுத்து வந்த கேள்விகளைக் கொடுப்பார். இருட்டிய பிறகு பெண் பிள்ளைகளை வீடுவரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் பேருந்து ஏறுவார். அதற்கு அவருக்கு யாரும் தனிச் சம்பளம் தரவில்லை.

தேர்வு எழுத வருமானச் சான்று வேண்டும். இப்போது இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அப்போது காகிதம்தான்: கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், பிறகு வட்டாட்சியர் அலுவலகம். அம்மா நடவுக்குப் போகிறவர். அப்பா நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர். மன்னார்குடிக்குப் போய்வந்தால் இருவரில் ஒருவருக்கு அன்றைய கூலி போய்விடும். எங்கள் ஊர்த் தலையாரி ஐயா அந்த விண்ணப்பத்தை வாங்கித் தன் சைக்கிள் பையில் வைத்துக்கொண்டு, போகிற வேலையோடு வேலையாகக் கையெழுத்து வாங்கி, கடைசி நாளுக்கு முன்பே பள்ளியில் கொண்டுவந்து கொடுத்தார். ஐயா, நீங்கள் அன்று ஒரு டீகூட வாங்கிக்கொள்ளவில்லை என்று அம்மா இன்றும் சொல்கிறார். தேர்ச்சி பெற்ற பின் என் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்க வேண்டியிருந்தது. கைநாட்டு வைத்த என் அப்பாவிடம் ஒரு சொல் எரிச்சலாகப் பேசாமல் ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பித் தந்த அந்த வங்கி ஊழியர் அக்காவுக்கும் நன்றி.

2010-ல் நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போனபோது அந்த உதவித்தொகை மாதம் 500 ரூபாய். 2017 முதல் அது 1,000 ரூபாய். பின்னாளில் எனக்குக் கிடைத்த ஆய்வு உதவித்தொகையின் பக்கத்தில் வைத்தால் 500 ரூபாய் மிகச் சிறிய தொகை. ஆனாலும் என் வாழ்க்கையில் எந்தப் பணம் பெரியது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். ஒன்பதாம் வகுப்பில்தான் எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்பார்கள். நடவுக்கு ஆள் வேண்டும், தம்பியைப் பார்க்க ஆள் வேண்டும், அப்புறம் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். உறவினர் ஒருவர் என் படிப்பை நிறுத்தச் சொல்லிப் பேச வந்தபோது அப்பா சொன்ன பதில் எனக்கு மனப்பாடம்: "சர்க்காரே பணம் போட்டுப் படிக்க வைக்கிறது, நான் யார் நிறுத்த?" பள்ளியை விட்டால் பணம் நின்றுவிடும் என்ற விதி எனக்குக் காவலாக நின்றது. பணத்தின் அளவைவிட, அது வந்த வயதுதான் என்னைக் காப்பாற்றியது.

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வந்ததும் ஊரே பொறியியல் என்றது. எனக்குத் தாவரவியல் பிடித்திருந்தது. கும்பகோணத்தில் இளநிலை சேர்ந்தேன். எனக்கு மூத்த வகுப்பில் படித்த ஓர் அக்கா, நூலகத்தில் என் மதிப்பெண்ணைக் கேட்டுவிட்டு, "நீ இன்ஸ்பயருக்குப் போட்டாயா?" என்றார். இன்ஸ்பயர் ஓர் உதவித்தொகைத் திட்டம். நான் அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் தங்கள் கல்வி வாரியத்தின் முதல் ஒரு சதவீதத்துக்குள் வருகிறவர்கள் அடிப்படை அறிவியல் படித்தால் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆண்டுக்கு 80,000 ரூபாய் தருகிறது. அதில் 60,000 ரூபாய் மாணவர் கைக்கு, 20,000 ரூபாய் கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்கு. அந்த அக்கா தன் மடிக்கணினியில் என் விண்ணப்பத்தைத் தானே உட்கார்ந்து போட்டுக் கொடுத்தார். அந்தக் கோடைப் பயிற்சிகளில்தான் ஆராய்ச்சி என்று ஒரு வேலை இருக்கிறது என்பதையே நான் கண்ணால் பார்த்தேன். அக்கா, நீங்கள் கேட்ட அந்த ஒரு கேள்விக்கு நான் என்ன கைம்மாறு செய்ய முடியும்? தகுதி இருந்தும் தகவல் இல்லாமல் எத்தனை பேர் இந்தத் தொகையைத் தவறவிடுகிறார்களோ என்று நினைக்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது.

கும்பகோணத்தில் படிக்கிறவர்கள் கணித மேதை ராமானுஜன் பெயரைக் கேட்காமல் இருக்க முடியாது. அங்கே அரசுக் கல்லூரியில் அவருக்குக் கிடைத்த உதவித்தொகை, கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தேறாததால் பறிபோனது. பின்னர் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை. 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டமே இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும், அவ்வளவுதான். இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். 1919 ஜனவரியில், உடல்நலம் கெட்டிருந்த நிலையில், இங்கிலாந்திலிருந்து சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு அவர் எழுதிய கடிதத்தைப் பிற்பாடுதான் படித்தேன். தனக்கு அறிவித்திருக்கும் தொகை தன் தேவைக்கு அதிகம், ஆண்டுக்கு 50 பவுண்டு பெற்றோருக்குப் போகட்டும், தன் செலவு போக மிஞ்சுவது ஏழை மாணவர்கள், ஆதரவற்றோரின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் பயன்படட்டும் என்று கேட்டிருந்தார். உதவித்தொகை பறிபோவது எப்படியிருக்கும் என்று அறிந்தவர் எழுதிய கடிதம் அது.

திருச்சியில் முதுநிலை படித்துக்கொண்டிருந்தபோது, 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையைக் கடந்தது. ஊரில் தென்னை சாய்ந்ததை எல்லோரும் பார்த்தார்கள். முத்துப்பேட்டையில் அலையாத்தி மரங்கள் கூட்டமாகச் செத்து நின்றதை மீன்பிடிக்கிறவர்கள்தான் முதலில் சொன்னார்கள். அதைத்தான் ஆராய வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். முடிவு செய்தால் போதாது. ஒரு திட்டத்தில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தால் அந்தத் திட்டத்தின் கேள்விக்குத்தான் விடை தேட வேண்டும், திட்டம் முடிந்தால் சம்பளமும் முடியும். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆய்வாளருக்கான உதவித்தொகை, கிடைத்தால் பணம் ஆய்வாளரின் பெயரோடு வருகிறது. தன் கேள்வியோடு ஒரு நெறியாளரைத் தேடிப் போகலாம். 2019-ல் எனக்கு அது கிடைத்தது. மாதம் 31,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி, ஆண்டுக்கு 20,000 சில்லறைச் செலவுத் தொகை. படகு வாடகையும் மண் மாதிரிப் பைகளும் அந்த 20,000-க்குள் வந்தன.

அந்த 31,000 தானாக வரவில்லை. அதற்கு முன் 25,000 தான். 2018 இறுதியிலும் 2019 ஜனவரியிலும் நாடெங்கும் ஆய்வு மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், தில்லிக் குளிரில் அமைச்சகத்தின் முன் நின்றார்கள். ஜனவரி 30-ல் உயர்வு அறிவிக்கப்பட்டது. நின்றவர்களில் பலர் ஆய்வை முடிக்கும் கட்டத்தில் இருந்திருப்பார்கள். அதன் பலனை ஐந்து ஆண்டுகள் அனுபவித்தது என் போன்றவர்கள். நான் ஒருபோதும் சந்தித்திராத அந்தத் தோழர்களுக்கு, தலை வணங்கிய நன்றி. 2023 ஜனவரி முதல் மூத்த ஆய்வாளருக்கான தொகை 42,000 ஆனபோதும் உங்களைத்தான் நினைத்தேன்.

ஒப்புதல் ஆன தொகை கைக்கு வராத மாதங்களும் இருந்தன. ஆய்வு மாணவர் எவரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஒரு தாள் ஒரு மேசையில் நிற்கும். இங்கே மாணவர் கடன் வாங்குவார். வயது முப்பதை நெருங்கும்போது வீட்டுக்கு அனுப்பப் பணமில்லை என்று சொல்வது எவ்வளவு அவமானம் என்பதை விதிகளை எழுதுகிறவர்கள் உணர வேண்டும். அந்த மாதங்களில் கேட்காமலே தன் உதவித்தொகையிலிருந்து எனக்குப் பகிர்ந்த ஆய்வக அக்கா, "வரும்போது கொடும்மா" என்று மெஸ் கணக்கை நிறுத்தாமல் சோறு போட்ட அண்ணன், வாடகை கேட்டு ஒருநாளும் கதவைத் தட்டாத வீட்டுக்கார அம்மா: நீங்கள் மூவரும் இல்லையென்றால் நான் பாதியில் ஒரு தனியார் பள்ளி வேலைக்குப் போயிருப்பேன்.

முத்துப்பேட்டை மீனவ அண்ணன்களுக்கு நான் பட்ட கடன் தனி. டீசல் செலவுக்கு மட்டும் படகு ஓட்டினீர்கள். பாமணியாற்றிலும் கோரையாற்றிலும் நன்னீர் குறைந்தால் எந்த மூலையில் உப்பு ஏறும், எந்த மேட்டில் நாற்று பிழைக்கும் என்று நீங்கள் சொன்னதைத்தான் நான் மாதிரி எடுத்து, அளந்து பார்த்தேன். பெரும்பாலும் நீங்கள் சொன்னதே சரியாக இருந்தது. ஊரடங்குக் காலத்தில் நான் வர முடியாதபோது அலையாத்தி விதைகள் எங்கே உதிர்ந்து முளைக்கின்றன என்று தொலைபேசியில் சொல்லி என் ஆய்வை உயிரோடு வைத்திருந்தீர்கள். ஆய்வேட்டின் தமிழ்ச் சுருக்கத்தைப் படங்களோடு அச்சடித்திருக்கிறேன். அடுத்த முறை வரும்போது ஒவ்வொரு படகுக்கும் ஒரு பிரதி தருவேன்.

டீச்சர், நீங்கள் ஓய்வு பெற்றுவிட்டீர்கள் என்று தெரியும். தலைமையாசிரியரிடம் பேசியிருக்கிறேன், சனிக்கிழமைகளில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மனத்திறன் தாள் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். உங்களிடம் பழைய கேள்வித்தாள் நகல்கள் இருந்தால் கொடுங்கள். ஊரில் எட்டாம் வகுப்பில் பிள்ளை படிக்கும் வீடுகள், அறிவிப்பு வரும்வரை காத்திராமல் வருமானச் சான்றுக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். எப்படி என்று தெரியாதவர்கள் காகிதங்களோடு எங்கள் வீட்டுக்கு வாருங்கள்.

மிக்க நன்றியுடன்,
மன்னார்குடி வட்டத்து மாணவி ஒருத்தி