ஏ.எம்.ஹெச். எண்ணோடு அதன் பொருளையும் அச்சிடுங்கள்

தமிழ்நாட்டின் கருத்தரிப்பு மையங்களில் பணியாற்றும் மருத்துவர்களுக்கும், ரத்தப் பரிசோதனைக்கூடங்களை நடத்துவோருக்கும் வணக்கம்.

எனக்கு வயது 32. குழந்தைப்பேற்றை இன்னும் மூன்று ஆண்டுகள் தள்ளிப்போடலாம் என்று நானும் என் கணவரும் முடிவு செய்திருந்த வேளையில், முழு உடல் பரிசோதனை ஒன்றைச் செய்துகொண்டேன். அதில் நான் கேட்காமலேயே, சினைப்பையில் சுரக்கும் 'ஆன்டி-முல்லேரியன் ஹார்மோன்' ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் ஏ.எம்.ஹெச். பரிசோதனையும் சேர்க்கப்பட்டிருந்தது. அறிக்கையில் 0.6 என்ற எண்ணும், அருகே சிவப்பு எழுத்தில் 'குறைவு' என்ற சொல்லும் இருந்தன. விளக்கம் சொல்ல ஒருவரும் இல்லை. கருமுட்டையை உறையவைக்கும் திட்டத்தைப் பற்றிய தொலைபேசி அழைப்பு மட்டும் மறுநாளே வந்தது. இனித் தாயாகவே முடியாது என்று நம்பி இரண்டு வாரம் அழுதிருக்கிறேன்.

பிறகு வேறொரு மருத்துவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். சினைப்பையில் உள்ள சிறு முட்டைப்பைகளில் சுரக்கும் இந்த ஹார்மோன், எஞ்சியிருக்கும் கருமுட்டைகளின் எண்ணிக்கையைத் தோராயமாகக் காட்டுமே தவிர, அவற்றின் தரத்தைக் காட்டாது. 2017-இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு, குழந்தையின்மைச் சிக்கல் ஏதுமில்லாத, 30 முதல் 44 வயது வரையிலான சுமார் 750 பெண்களைக் கவனித்தது; அவர்களில் ஏ.எம்.ஹெச். 0.7-க்குக் கீழே இருந்தவர்களும் மற்றவர்களைப் போலவே இயல்பாகக் கருத்தரித்தார்கள். குழந்தையின்மைச் சிக்கல் இல்லாத பெண்களுக்கு அவர்களுடைய கருத்தரிக்கும் திறனைப் பற்றி ஆலோசனை சொல்ல இந்தப் பரிசோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பு 2019-இலேயே அறிவுறுத்தியிருக்கிறது.

என்னைப் போல் அஞ்சியவர்களைவிட, நல்ல எண்ணைப் பார்த்து நிம்மதியடையும் பெண்களை நினைத்தே நான் அதிகம் கவலைப்படுகிறேன். 37 வயதுக்குப் பின் கருத்தரிக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைகிறது; முட்டையின் தரமும் வயதோடு இறங்குகிறது. சினைப்பை நீர்க்கட்டி (பி.சி.ஓ.எஸ்.) உள்ளவர்களுக்கு ஏ.எம்.ஹெச். இயல்பாகவே உயர்ந்திருக்கும் என்பதால், 38 வயதில் அந்த எண்ணை நம்பிக் காத்திருக்கும் ஒரு பெண், யாரும் எச்சரிக்காமலேயே தன் காலத்தை இழக்கக்கூடும். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவருக்கோ அதே எண் இறங்கிக் காட்டும். நான் மாத்திரை சாப்பிடுகிறேனா என்று ரத்தம் எடுத்தவர் கேட்கவில்லை. என் கணவருக்கு விந்தணுப் பரிசோதனை செய்யலாமே என்றும் எவரும் சொல்லவில்லை. குழந்தை பற்றிய கணக்கெல்லாம் பெண்ணின் பெயரில் மட்டுமே எழுதப்படுவது எனக்கு வேதனை தருகிறது.

இந்தப் பரிசோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புற்றுநோய்ச் சிகிச்சைக்கோ சினைப்பை அறுவைச் சிகிச்சைக்கோ செல்லும் பெண்ணுக்கும், தாய்க்கு 40 வயதுக்குள் மாதவிடாய் நின்றுபோன பெண்ணுக்கும் இது உதவும். முட்டையை உறையவைக்க முடிவு செய்தவருக்கு, முட்டைகளை வளர்க்கும் ஹார்மோன் ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கலாம் என்று கணிக்கவும் இது தேவை.

ஆகவே, ஒரு பெண்ணிடம் தெளிவாகச் சொல்லி அவர் சம்மதம் பெறாமல் பொதுப் பரிசோதனைத் தொகுப்புகளில் ஏ.எம்.ஹெச்.-ஐச் சேர்க்காதீர்கள். ரத்தம் எடுக்கும் முன் வயது, மாத்திரை, நீர்க்கட்டி ஆகியவற்றைக் கேளுங்கள். 'இந்த எண்ணை மட்டும் வைத்து நீங்கள் இயல்பாகக் கருத்தரிப்பீர்களா என்று சொல்ல முடியாது' என்ற வரியை, எண்ணுக்கு நேர் கீழே, அதே அளவு எழுத்தில், தமிழில் அச்சிடுங்கள். விற்பனை அழைப்புக்கு முன்பாக மருத்துவர் ஒருவரைப் பேச வையுங்கள்.

இப்படிக்கு,
உங்களிடம் பரிசோதனைக்கு வந்த ஒரு பெண்,
சென்னை.