சோறு வேகாத தொட்டி, விலைபோகாத டேப் ரிக்கார்டர்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

முதல் கருவி விற்கவில்லை, இனி யாராவது முதலீடு போட்டால்தான் கம்பெனி நகரும் என்று எழுதியிருந்தாய். பணம் வேண்டும்தான். ஆனால் சோனியின் ஆரம்ப வருடங்களைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்கு வேறொரு விஷயம்தான் பெரிதாகத் தெரிகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

1945இல், போர் முடிந்த கையோடு, குண்டுவீச்சில் சிதைந்த டோக்கியோவில் மசாரு இபுகா ஒரு ரேடியோ பட்டறை போட்டார். பத்திரிகையில் அவரைப் பற்றி வந்த குறிப்பைப் பார்த்துவிட்டு, போர்க்காலத்தில் பழகிய அகியோ மொரிட்டா தேடி வந்தார். 1946 மே மாதம் கம்பெனி பதிவானது. மூலதனம் 1,90,000 யென். ஆட்கள் ஏறக்குறைய 20 பேர். வெறுங்கையோடு வந்தவர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதே. மொரிட்டாவின் குடும்பம் தலைமுறைகளாக சாகே மது வடித்துவந்த வசதியான குடும்பம். அப்பா பணம் கொடுத்து உதவினார். இபுகாவின் மாமனார் முன்னாள் கல்வி அமைச்சர். இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

ஆனாலும் அந்தப் பணமும் செல்வாக்கும் அவர்களுடைய முதல் பொருட்களைக் காப்பாற்றவில்லை. மரத்தொட்டியின் அடியில் அலுமினியம் பொருத்தி மின்சாரத்தில் சோறு வடிக்கப் பார்த்தார்கள். ஒருமுறை குழைந்தது, ஒருமுறை வேகவே இல்லை. அது கடைக்கே போகவில்லை. அப்புறம் மின்சாரத்தில் சூடேறும் இருக்கை மெத்தை. அது விற்றது, ஆனால் அதில் தங்கள் பெயரைப் போட மனசு வராமல் வேறு பெயரில் விற்றார்கள்.

எனக்குப் பிடித்த கட்டம் டேப் ரிக்கார்டர்தான். நல்ல பிளாஸ்டிக் கிடைக்காததால் காகிதத்தில் டேப் செய்தார்கள். காந்தப் பொடியை வாணலியில் வறுத்தெடுத்து, பிரஷ்ஷால் கையாலேயே பூசினார்கள். 1950இல் வந்த அந்த இயந்திரம் 45 கிலோ எடை, 1,60,000 யென் விலை. தன் குரலையே கேட்டு எல்லோரும் வியந்தார்கள், ஆனால் வாங்க ஆள் இல்லை. சரி, இது இல்லாமல் யாருடைய வேலை தடைபடுகிறது என்று தேடினார்கள். போருக்குப் பின் நீதிமன்றங்களில் சுருக்கெழுத்தர்கள் பற்றாக்குறை. அங்கே அது பொம்மை இல்லை, கட்டாயத் தேவை. நீதிமன்றங்கள் வாங்கின. அடுத்து பள்ளிக்கூடங்கள், அவர்களுக்காகவே சின்னதாக, மலிவாக ஒன்றைச் செய்தார்கள். நீ தாண்டவேண்டிய இடம் இதுதான் தம்பி. உன் கருவியில் குறை இல்லை. அதைக் காட்டிய ஆட்களுக்கு அது அவசியமில்லை.

டிரான்சிஸ்டர் கதை உனக்குத் தெரிந்திருக்கும். ரேடியோவைச் சின்னதாக்க உதவிய அந்த மின்னணு உறுப்பைச் செய்ய, அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியிடம் 25,000 டாலருக்கு உரிமம் வாங்கி, 1955இல் டிரான்சிஸ்டர் ரேடியோ கொண்டுவந்தார்கள். உலகத்தில் அது முதலாவது இல்லை. அமெரிக்காவில் ரீஜென்சி என்ற கம்பெனி முந்திவிட்டது. அந்தச் சமயத்தில் புலோவா என்ற அமெரிக்கக் கடிகார நிறுவனம் 1,00,000 ரேடியோ கேட்டது, ஆனால் தன் பெயரைப் போட்டுத்தான் விற்பேன் என்றது. மொரிட்டா மறுத்துவிட்டார். அவ்வளவு பெரிய ஆர்டரை விடும் துணிச்சல் எனக்கு இருந்திருக்குமா, தெரியாது. 1958இல் கம்பெனியே சோனி என்று பெயர் மாற்றிக்கொண்டது.

முதலீட்டாளர்களுக்கு எழுதுவதை ஒரு மாதம் தள்ளிப்போடு. உன் கருவி இல்லாததால் வேலை முடங்கி நிற்பவர்கள் யார் யார் என்று விசாரித்து எனக்கு எழுது. அவர்களில் யாரையாவது நேரில் பார்க்கப் போனால், நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்